கோடையில் ஏறும் தோல், மாரியில் இறங்கும் தோல்

ஐப்பசி மழை தொடங்கி நாலு நாள் வெயில் காணாவிட்டால் போதும், யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு மிருதங்கம் சுருதி இறங்கிவிடும். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. புரட்டாதியில் ஒன்றரைக் கட்டைக்குக் கச்சிதமாக நின்ற வலந்தலை, அதாவது வலக்கை வாசிக்கும் முகம், ஒரு கட்டையையும் எட்டாமல் தொங்கும். தாய்மார் ஆசிரியருக்குப் போன் எடுத்து, "மாஸ்டர், மிருதங்கம் பழுதாப் போச்சுப் போல கிடக்கு, சத்தம் டொப்பு டொப்பெண்டு வருது" என்பார்கள். பழுது ஒன்றும் இல்லை. தோல் ஈரம் குடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

காற்றில் ஈரம் கூடினால் தோலின் நார்கள் ஊறி நீளும், இழுவை தளரும், சுருதி இறங்கும். காற்று காய்ந்தால் தோல் சுருங்கி இறுகும், சுருதி ஏறும். எங்கள் குடாநாட்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் வெயில் பிளக்கும். பிறகு மாதக் கணக்கில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று புழுதியோடு வீசும். கடலும் களப்பும் சூழ்ந்த மண் என்பதால் கோடையிலும் விடிகாலைக் காற்றில் உப்பீரம் இருக்கும். ஒரே கருவி, ஒரே அறை, ஒரே நாள். விடியற்காலையில் ஒரு சுருதி, மத்தியானம் இன்னொன்று.

இங்கே ஒரு வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்கு ஐந்து வருடம் சொற்கட்டும் கோர்வையும் சொல்லிக்கொடுக்கிறோம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஒவ்வொரு தரமாக ஏற்றுகிறோம். சுருதி சேர்க்கும் கல்லை மட்டும் பிள்ளையின் கையில் கொடுப்பதில்லை. "தோல் கிழிஞ்சுபோகும், நான் பாத்துத் தாறன்" என்று ஆசிரியர் வாங்கிவிடுவார். கருவியோடு வாசிப்பவருக்கு உறவு பிடிக்கும் இடம் அந்தக் கல் விழும் இடம்தான். அதைக் கடைசி வரை தள்ளிப்போட்டால் பிள்ளைக்கு மிருதங்கம் ஒரு தளபாடமாகவே இருக்கும். ஆகவே முதலில் மிருதங்கத்தைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

மிருதங்கத்தின் உடல் பலாக்கட்டை. இரண்டு வாயையும் மூடும் தோல் தொகுதிக்கு மூட்டு என்று பெயர். வலந்தலை மூட்டில் மூன்று படை உண்டு. மேலே வளையமாக வெட்டிய வெட்டுத்தட்டு, அதன் கீழே முழு வட்டமான கொட்டுத்தட்டு, அடியில் கண்ணுக்குத் தெரியாத உள்கரைத்தட்டு. கொட்டுத்தட்டின் நடுவில் கறுப்பாக இருப்பது கரணை. சாதம் என்றும் சொல்வார்கள். கிட்டக்கல்லை இடித்துத் தூளாக்கி, குழைந்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய படையாக ஒன்றன் மேல் ஒன்று தேய்த்து ஏற்றியது அது. இரண்டு மூட்டையும் பிணைத்து இழுத்து நிற்பது எருமைத்தோல் வார். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் ஒரு மிருதங்கத்தில் சேர்ந்திருக்கின்றன. மூன்றும் ஈரத்துக்கு ஒரே அளவில் அசைவதில்லை. மாரியில் சுருதி இறங்குவதோடு நாதமும் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கரணையின் வேலையைப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். வெறும் தோலை அடித்தால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவராது, அதனால் திட்டமான சுருதி காதில் விழாது. நடுவில் பாரம் ஏற்றியதும் அவை அடிப்படைச் சுரத்தின் இரண்டு, மூன்று, நாலு, ஐந்து மடங்குகளுக்குக் கிட்ட வந்து ஒழுங்காக நிற்கின்றன. சி. வி. ராமன் 1920 இல் இதை ஆராய்ந்து எழுதினார். தோல் வாத்தியத்துக்குத் தம்புராவோடு சேரும் யோக்கியதை கிடைத்தது அந்தக் கறுப்பு வட்டத்தால்தான்.

அந்த வட்டத்தைப் பற்றி ஒரு வீண் பயமும் உண்டு. புது மூட்டு வாங்கி ஒரு மாதத்தில் கரணை முழுக்க மயிரிழை வெடிப்பு ஓடியிருப்பதைக் கண்டு பெற்றோர் பதறுவார்கள். அந்த வெடிப்பு இருக்க வேண்டும். கரணை ஒரே பாளமாக இறுகிவிட்டால் தோலோடு சேர்ந்து வளையாது, நாதம் அடைத்துவிடும். சிறுசிறு துணுக்குகளாகப் பிரிந்து தோலில் ஒட்டி நின்றால்தான் அசையும். கவலைப்பட வேண்டிய குறி வேறு: துணுக்கு கழன்று விழுவது, 'தீம்' வாசிக்கும்போது ஒரு பக்கத்தில் 'கிர்' என்ற அதிர்வு கேட்பது. அப்போது தோல்வேலைக்காரரிடம்தான் போக வேண்டும். விழுந்த இடத்தை வீட்டில் பசை பூசி ஒட்டினால் மீதியும் கெடும்.

இனிச் சுருதி சேர்ப்பது. கைக்கடக்கமான வழுவழுப்பான கல் ஒன்று, புள் எனப்படும் சிறு மரக்கட்டை ஒன்று, இவ்வளவும் போதும். மூட்டின் பின்னல் விளிம்பில் வார் போகும் இடங்களுக்கு இடைப்பட்டவை கண்கள், மொத்தம் 16. விளிம்பை முகப்புப் பக்கமிருந்து உடலை நோக்கித் தட்டினால் அந்தக் கண்ணில் தோல் இறுகும், சுருதி ஏறும். பின்பக்கமிருந்து முகப்பை நோக்கித் தட்டினால் தளரும், இறங்கும். இவ்வளவுதான் தத்துவம். மற்றதெல்லாம் காதும் பொறுமையும்.

வெளியிலிருந்து கொண்டுவந்த மிருதங்கத்தை உடனே தட்டத் தொடங்கக் கூடாது. வாசிக்கப்போகும் இடத்தில் உறையைக் கழற்றி இருபது நிமிடம் வைத்திருங்கள். அந்தக் காற்றுக்குத் தோல் பழகட்டும். பிறகு சுருதிப்பெட்டியைப் போட்டு ஐந்து நிமிடம் மெதுவாக வாசித்தால் மூட்டு தன் இருப்புக்கு வந்துவிடும். இப்போது ஒவ்வொரு கண்ணுக்கும் நேரே 'நம்' என்ற சொல்லை வாசித்துக் கேட்டுக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். எந்தக் கண் மிகவும் இறங்கியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தட்டி ஏற்றியதும் அதற்கு நேர் எதிர்க் கண்ணுக்குப் போங்கள். முதலாம் கண்ணைத் தொட்டால் அடுத்தது ஒன்பதாம் கண், அதன்பின் ஐந்து, பின்னர் பதின்மூன்று. இப்படிக் குறுக்கே குறுக்கே போனால் மூட்டு வாயில் சமமாக இறங்கும். வட்டமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தட்டிக்கொண்டு போவது பழகுபவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. மூட்டு ஒரு பக்கம் சரிந்துவிடும். பிறகு எவ்வளவு தட்டினாலும் எட்டுக் கண் ஒரு சுருதியிலும் எட்டுக் கண் இன்னொரு சுருதியிலும் நின்று பிடிவாதம் பிடிக்கும்.

அடி சின்னதாக இருக்க வேண்டும், பல தடவை விழ வேண்டும். ஒரே கண்ணில் ஓங்கி அடித்து ஏற்றப் பார்த்தால் கிழிவது அந்தக் கண்ணில்தான். கல் தவறிச் சாப்பில், அதாவது விரல் விழும் தோலில், விழுந்தால் அன்றைய கச்சேரி முடிந்தது. ஆகவே கல்லைப் பிடித்த கையின் சுண்டுவிரல் விளிம்பில் தாங்கியிருக்கட்டும். ஏற்றிய தோல் ஐந்து பத்து நிமிடத்தில் சற்று இறங்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாரியில் சட்ஜத்துக்கு ஒரு மயிரிழை மேலே விட்டு நிறுத்துவது நல்லது. ஏசி போட்ட மண்டபத்தில் எதிர்மாறு. குளிரூட்டி காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடுவதால், வெளியே மழை பெய்துகொண்டிருந்தாலும் உள்ளே தோல் ஏறிக்கொண்டே போகும். தலைக்கு மேல் சூடான மேடை விளக்கு எரிந்தாலும் அப்படியே. இப்படியான இடங்களில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனம் வருவதற்கு முன் ஒரு உருப்படி இடைவெளியில் மறுபடி 16 கண்ணையும் கேட்டுக்கொள்ளாமல் விடக் கூடாது.

மழைநாளில் சுருதி ஏறவில்லை என்று மிருதங்கத்தை வெயிலில் வைப்பதும் அடுப்புக்குக் கிட்டப் பிடிப்பதும் இன்னும் நடக்கின்றன. மேற்தோல் மட்டும் காய்ந்து சுருதி உடனே ஏறும். பார்க்க நன்றாக இருக்கும். மேடைக்கு வந்து கால் மணித்தியாலத்தில் பழையபடி இறங்கிவிடும். இப்படி நாலைந்து தடவை செய்தால் வார் உலர்ந்து உடையும், பலாக்கட்டையில் வெடிப்பு ஓடும். கட்டையில் ஓடிய வெடிப்புக்கு மருந்து இல்லை.

தட்டியும் சுருதி நிற்காத கட்டம் ஒன்று வரும். வார் நீண்டுவிட்டது என்பது அதன் பொருள். வார் இழுப்பது வீட்டு வேலை அல்ல. இரண்டு மூட்டும் ஒரே வாரில் தொங்குவதால் ஒரு முனையில் இழுப்பது மறு முனையையும் அசைக்கும், அதற்குத் தேர்ந்த கை வேண்டும். தோல் வேலை தெரிந்த அந்தக் கையைத் தேடிப் பிடிப்பது எங்கள் பக்கம் இலகுவாக இல்லை. ஆகவே அவரிடம் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூட்டைக் கழற்றுவதையும், கரணை போடுவதையும், வார் கோர்ப்பதையும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் புகழ்பவர்கள் அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாசித்தவரின் காதும் செய்தவரின் கையும் சேர்ந்து உண்டாக்கிய நாதம் அது. மேடையில் ஒருவருக்குத்தான் பொன்னாடை.

வாங்கும்போது நடக்கும் பிழையையும் சொல்லிவிடுகிறேன். உயர்ந்த சுருதிக்குச் செய்த மிருதங்கம் ஏறத்தாழ 22 அங்குல நீளம், தாழ்ந்த சுருதிக்கானது, அதாவது தக்கு மிருதங்கம், ஏறத்தாழ 24 அங்குலம். பெண் குரலுக்கு ஐந்து கட்டையில் வாசிக்கும் கருவியை ஆண் குரலுக்கு ஒரு கட்டைக்கு இறக்க முடியாது. தோல் தொளதொளத்துப் பேசாது. தக்கு மிருதங்கத்தை ஐந்துக்கு ஏற்றினால் கிழியும். ஒரு மிருதங்கம் தன் இயல்பான சுருதிக்கு மேலும் கீழும் அரைக் கட்டை வரைதான் சுகமாக அசையும். பிள்ளை யாருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப்போகிறது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. வெட்டுத்தட்டுக்கும் கொட்டுத்தட்டுக்கும் இடையில் ஈர்க்குத் துண்டு செருகியது குச்சி மிருதங்கம், சிறு கல் துணுக்குப் போட்டது கப்பி மிருதங்கம். இது வாசிப்பவரின் விருப்பம். பழகும் பிள்ளைக்கு எதுவென்றாலும் சரி.

எங்கள் ஊரின் பெரிய வாத்தியம் மிருதங்கம் அல்ல, அது எனக்குத் தெரியும். இணுவிலும் அளவெட்டியும் தவிலாலும் நாதஸ்வரத்தாலும் பெயர் பெற்ற ஊர்கள். 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொன்னால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்றைக்கும் எழுந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம் பலருக்கு நல்லூர்த் திருவிழாவோடு சேர்ந்த நினைவு. இந்த இரண்டு வாத்தியமும் வெட்டவெளியில், நடந்துகொண்டே, மணித்தியாலக் கணக்கில் வாசிக்கப்படுபவை. நல்லூரில் 25 நாள் திருவிழா. சோளகம், புழுதி, தீவட்டிச் சூடு, கற்பூரப் புகை எல்லாவற்றுக்கும் நடுவில் சுருதி நிற்க வேண்டும்.

நாதஸ்வரத்தின் நீண்ட குழல் உலவு, அடியில் விரிந்த வாய் அணசு, மேலே செருகும் சிறு உலோகக் குழாய் கெண்டை, அதில் பொருத்துவது சீவாளி. உலவு ஆச்சா மரத்தில் கடைவது. புது மரம் உதவாது, பழைய வீடுகளின் உத்தரத்திலும் தூணிலும் இருந்து எடுத்த, ஈரமெல்லாம் செத்த மரத்தைத்தான் ஆசாரிமார் தேடுவார்கள். துளை மொத்தம் 12. மேலுள்ள ஏழும் விரலுக்கு. மீதி ஐந்தும் பிரம்மசுரங்கள். அவற்றை விரல் தொடுவதில்லை, தேவைக்கேற்ப மெழுகு வைத்து அடைத்துச் சுருதியைத் திருத்துவார்கள். முன்னொரு காலத்து திமிரி நாதஸ்வரம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. இப்போது புழங்கும் நீண்ட பாரி நாதஸ்வரத்தில் சுத்த மத்திமம் திருத்தமாகப் பேசும்படி துளையை அமைத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. 1955 இல், நாதஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்தது. அதுவரை அந்தச் சுரத்தை உதட்டாலும் விரலாலும் சரிக்கட்டி வாசித்தவர்கள் பட்ட பாட்டை ஒரு ஆசாரி காது கொடுத்துக் கேட்டார் என்பதால் வந்த கருவி அது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உலவு ஒரு ஆயுள் வரும். சீவாளி அப்படி வராது, வித்துவானின் நித்திரையைக் கெடுப்பதும் அதுதான். காவிரிக்கரை நாணலை, கொறுக்கைத்தட்டை என்பார்கள், காய வைத்து, அவித்து, மடக்கி, நூல் சுற்றிச் செய்வது. திருவாவடுதுறை இதற்குப் பேர்போன ஊர். இங்கே வித்துவான்மார் இந்தியாவிலிருந்து யாராவது வரும்போது கட்டுக்கட்டாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். பத்துச் சீவாளியில் மனதுக்குப் பிடித்தது இரண்டு தேறினால் நல்ல கட்டு. ஈரப்படுத்தாமல் ஊதினால் சீவாளி பிளக்கும். வாயில் வைத்து உமிழ்நீரில் நன்றாக ஊறவிட்டு, தனியாக ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டினால் கனம் கூடிய சீவாளி, நுனியை மெல்லச் சீவி எடுக்கலாம். ஊதியவுடன் வாய் ஒட்டிக்கொண்டு மேல் ஸ்தாயி பேச மறுத்தால் இளகிய சீவாளி, அதைச் சாதகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், சுவாமி புறப்பாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நாதஸ்வரத்தில் நூலில் தொங்கும் அந்த நாலைந்து சீவாளியும் ஊசியும் அலங்காரத்துக்கு அல்ல. ஊறிய சீவாளியின் வாயை ஊசியால் திறந்து, உள்ளே ஒட்டியதைத் துப்புரவாக்கி, ஒன்று களைத்தால் அடுத்ததைப் பொருத்துவதற்கு. சோளகக் காற்றில் வாசிக்கும்போது இன்னொரு தொல்லை உண்டு. தவில்காரர் தனி வாசிக்கும் பத்து நிமிடத்துக்குள் சீவாளி காய்ந்துவிடும். அதனால்தான் வித்துவான் வாசிக்காத நேரத்திலும் அதை வாயை விட்டு எடுப்பதில்லை.

கெண்டையை உலவுக்குள் சிறிது இறக்கினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். பொருத்து இறுக நூல் சுற்றியிருப்பார்கள். அந்த நூல் தளர்ந்து காற்று கசிந்தால் முதலில் அடம்பிடிப்பவை கீழ்ச் சுரங்கள். கீழ்ச் சட்ஜம் பேசவில்லை என்றால் மூச்சைக் குறை சொல்வதற்கு முன் நூலைப் பாருங்கள்.

வெயில் தோலை மட்டுமா தொடும்? குழலுக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். அரைக் கட்டை என்பது 100 சென்ட். காலை ஏழு மணிக்கும் மத்தியானத்துக்கும் பத்துப் பாகை வித்தியாசம் என்றால் காது குத்தும் அளவு மாற்றம் அது. ஊதுபவரின் மூச்சுச் சூடு அதில் ஒரு பகுதியைச் சமன் செய்யும், முழுவதையும் அல்ல. இதிலுள்ள கொடுமை இரவில் தெரியும். பனி விழத் தொடங்கத் தவிலின் தோல் இறங்கும், குளிரில் குழலும் தன் பங்குக்கு இறங்கும், இரண்டும் ஒரே அளவில் இறங்குவதில்லை. சுருதிப்பெட்டி மட்டும் அசையாமல் நிற்கும். அந்தக் காலத்தில் சுருதிக்கு ஒத்து ஊதினார்கள். ஒத்தும் நாதஸ்வரத்தைப் போன்ற குழல் என்பதால் குளிருக்கு அதுவும் கூடவே அசைந்தது. இன்றைய மின் சுருதிக்கு அந்த இரக்கம் இல்லை.

தவிலின் உடலும் பலாதான். வலந்தலை கல்லைப் போல இறுகியிருக்கும், இடப்பக்க முகமான தொப்பி தளர்வாக இருக்கும். இப்போதைய தவில்களில் இரும்பு வளையமும் நட்டும் இருப்பதால் வீதியில் நின்றபடியே சாவி போட்டு இறுக்கலாம். நல்ல வசதி. அந்த வசதியே பிழையும் செய்கிறது. எதிரெதிர் நட்டுகளைக் கால் திருப்பு, கால் திருப்பாக இறுக்க வேண்டியதை, கிட்ட இருக்கும் நட்டில் முழுத் திருப்புத் திருப்பிவிடுவார்கள். தோல் ஒரு பக்கம் இழுபட்டு விளிம்பில் கிழியும். இரும்பு ஏறியதால் பாரமும் கூடிவிட்டது. தோளில் தொங்கும் பட்டி அகலமாக இல்லாவிட்டால் நாற்பது வயதுக்குள் கழுத்து வலி நிரந்தரமாகும்.

தொப்பியை அடிக்கும் கம்பு பூவரசு. எங்கள் வேலிகளில் நிற்கும் அதே பூவரசுதான். வலக்கை விரல்களில் போடும் கூடு வேறு கதை. துணியைக் கீலம் கீலமாகக் கிழித்து, பசையில் தோய்த்து, தன் விரலிலேயே சுற்றி வடிவெடுத்து, கழற்றிக் காயவைத்து, மேலும் சுற்றிக் கல்லைப் போல இறுக வைப்பது. மழைக்காலத்தில் நாள்கணக்கில் காயாது. அவசரப்பட்டு ஈரத்தோடு போட்டால் உள்ளே நசிந்து விரலைத் தின்னும். தளர்வாக இருந்தால் வேகச் சொல்லில் கழன்று பறக்கும். இறுக்கமாக இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் விரல் நீலம் பாரிக்கும், ஏனென்றால் வாசிக்க வாசிக்க விரல் வீங்கும். அந்த வீக்கத்துக்கு இடம் விட்டுச் சுற்றத் தெரிந்தவர்தான் தவில்காரர். ஒருவருடைய கூடு இன்னொருவருக்குப் பொருந்தாது. தகப்பனுடையது மகனுக்கும் பொருந்தாது.

வயலினையும் வீணையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வயலினில் யாழ்ப்பாணத்துக் காலநிலை காட்டும் இடம் முறுக்காணி. கோடையில் மரம் சுருங்கி ஆணி வழுக்கும், ச-ப-ச-ப சேர்த்து வைத்த தந்தி வைத்த இடத்தில் நிற்காது. மாரியில் ஊதி இறுகித் திருப்ப முடியாமல் நிற்கும். வழுக்கும் ஆணியைக் கழற்றி, தொடும் இடத்தில் வெள்ளைச் சோக்கு கொஞ்சம் பூசி, உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புங்கள். இறுகிய ஆணியைக் குறடு போட்டுத் திருகக் கூடாது, தலை கையோடு வரும். தந்தி மாற்றும்போது நாலையும் ஒன்றாகக் கழற்றினால் தந்தியைத் தாங்கும் குதிரை விழும், உள்ளே நிற்கும் சிறு மரத்தண்டும் சாயும், அதைத் திருப்பி நிறுத்த நுணுக்கம் தெரிந்தவர் வேண்டும். ஒன்றைக் கழற்றி, புதிதைப் போட்டு, சுருதிக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்தது. பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கரையோர ஊர்களில் தந்தி விரைவாகத் துருப்பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் காய்ந்த துணியால் துடைத்து வைத்தால் அதன் ஆயுள் நீளும். வில்லை வாசித்த பின் தளர்த்தாவிட்டால் குச்சி வளைவை இழக்கும். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு சாமான் வாங்கி வரும் நேரம் போதும், ஒட்டிய பசை இளகி அடிப்பலகை விட்டுப்போகும்.

வீணையின் எதிரி தகரக்கூரை. சுரத்துக்கு விரல் வைக்கும் 24 மெட்டும் கரித்தூள் கலந்த மெழுகில் நிற்கின்றன. சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் அந்த மெழுகு இளகும், மெட்டு ஒரு நூல் அசைந்தாலும் அந்தச் சுரம் பொய் பேசும். தந்தி புதிதாகப் போட்டும் ஒரு சுரம் மட்டும் சேரவில்லை என்றால் மெழுகைச் சந்தேகப்படுங்கள். மெட்டுகளை அமைக்கும் மேளம் கட்டுபவர் வரும்வரை வீட்டில் மெழுகைச் சுரண்டாதீர்கள். ஓட்டுக்கூரையின் கீழ், யன்னலுக்கு எட்ட, சுவரோரமாகப் பாயில் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

சுருதிக்கு இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. 1990களில் பற்றரியே வடக்குக்கு வரத் தடை இருந்த காலத்தில் துருத்திச் சுருதிப்பெட்டியை ஒரு கையால் அசைத்துக்கொண்டு படித்த தலைமுறைக்கு இது பெரிய கொடை. ஆனால் போனின் ஸ்பீக்கர் சிறியது, கீழ்ச் சட்ஜம் அதில் அனேகமாகக் கேட்காது. மிருதங்கத்தின் தொப்பியை அதற்குச் சேர்க்க முடியாது. ஒரு சின்ன வெளி ஸ்பீக்கராவது பொருத்துங்கள்.

தொப்பி என்றதும் ரவை, அதாவது அதன் சுருதியை இறக்க நடுவில் ஒட்டும் ரவைக் குழைவு. இதைக் கடைசிக்கு வைத்தது காரணமாகத்தான். ஒரு மேசைக்கரண்டி ரவையில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ரொட்டி மாப்பதத்துக்கு மறுபடி பிசைய வேண்டும். தொப்பியின் நடுவை ஈர விரலால் தடவி, இரண்டரை மூன்று அங்குல வட்டமாக அழுத்தி ஒட்டுங்கள். ஓரம் மெலிந்து, நடு சற்றுத் தடித்து இருக்கட்டும். வலந்தலையின் சட்ஜத்துக்குக் கீழ் ஸ்தாயியில் 'தொம்' பேச வேண்டும். சுருதி மேலே நின்றால் ரவை போதாது. அடைத்துக்கொண்டு முனகினால் கூடிவிட்டது, கிள்ளி எடுங்கள். தண்ணீர் கூடினால் தோல் ஊறி, கச்சேரி நடுவில் ரவை வழுகி மடியில் விழும். குழைவு காணாவிட்டால் காய்ந்து வெடித்து உதிரும். கோடை மத்தியானங்களில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஈர விரலால் மேலே தடவினால் தாக்குப்பிடிக்கும். நிரந்தரமாக ஒட்டிவிடும் பசை வகைகளும் வந்துவிட்டன. வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்கு அது நேரம் மிச்சம், எனக்கு அந்தத் தொப்பியின் நாதம் பிடிப்பதில்லை. ரவை பிசையும் அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளை அன்றைய காற்றின் ஈரத்தையும் கையால் அறிந்துகொள்கிறது. நேற்றைய அளவு தண்ணீர் இன்றைக்குச் சரிவராது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

வாசித்து முடிந்ததும் ரவையை எடுத்துவிட வேண்டும். களைத்து வந்து அப்படியே உறையில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டால், காயும் ரவை தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுருங்கும், நடுவில் வெடிப்பு விழும். அதற்கு முந்திவிட்டால் எறும்பும் கரப்பானும், மாரியில் வீட்டுக்குள் ஒதுங்கும் எலியும் வாசம் பிடித்து வரும். எலி ரவையை மட்டும் தின்னுவதில்லை. ஒரு பழைய பிளாஸ்ரிக் அட்டையால் ஓரத்திலிருந்து நெம்பி எடுத்து, பிழிந்த ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, தொப்பி காயும்வரை உறையைத் திறந்தே வையுங்கள். கரணைப் பக்கம் ஈரத்துணி போகவே கூடாது, அதற்குக் காய்ந்த துணி. பிறகு சீமெந்து நிலத்தில் படாமல், பலகையின் மேல் மடித்த சாரத் துண்டு விரித்து, அதில் படுக்க வையுங்கள். சுரண்டிய ரவையைக் குசினிக்குள் வீசாமல் வேலிக்கரையில் கொண்டுபோய்ப் போட்டால் எறும்புகள் அங்கேயே நின்றுவிடும்.